கோலம் கோணினால் கண்ணைப் பார்

ஐயா காலையில் தெருவில் நடந்தால் வாசல் கோலங்களைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். அழகு பார்க்கிற பார்வை இல்லை அது. புள்ளி வரிசை தப்பியிருக்கிறதா, இழை புள்ளியைத் தாண்டி ஓடியிருக்கிறதா, ஒரே இடத்தில் இரண்டு தரம் மாவு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்படி ஒரு கோலம் கண்ணில் பட்டால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். "தண்ணி குடு தாயி" என்பார். செம்பைக் கொண்டுவருகிறவர் நிலைப்படியைக் காலால் துழாவுகிறாரா, செம்பைத் தன் கைக்கு நேராக நீட்டுகிறாரா என்று கவனிப்பார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஒரே ஒரு வரி எழுதிக்கொள்வார்.

"கோலம் கோணுனா கையைத் திட்டாதீங்க, கண்ணப் பாருங்க" என்று மருமகள்களிடம் சொல்வார். வயசானவர்கள் தானாக வந்து எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் வீட்டுக்குப் பாரமாகிவிடுவோம் என்று பயம். சுவரைத் தடவி, அடியை எண்ணி, குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு நாளை ஓட்டிவிடுவார்கள். அப்படி மறைத்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டுபிடிப்பதைத்தான் ஐயா தன் வேலையாக எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் அதைச் செய்தார். ஒரு பைசா வாங்கியதில்லை.

எங்கள் அப்பாவின் அப்பா அவர். ஊர், சோழவந்தானுக்கு அக்கரை, வைகையின் தென்கரைப் பக்கம். நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையுமாக இருக்கிற பூமி. 1934-ல் பிறந்தார். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வாத்தியார். நாலு பிள்ளைகள், பதினொரு பேரன் பேத்திகள், அதே வளவுக்குள் இரண்டு தம்பிகள் குடும்பம். கல்யாணப் பேச்சிலிருந்து பாகப் பிரிவினை வரை அவர் சொல்தான் கடைசிச் சொல். அந்தச் சொல்லை அவர் சுலபத்தில் சொல்லிவிடமாட்டார். சித்தப்பாக்கள் இருவருக்கும் வரப்புத் தகராறு வந்தபோது எதிரெதிரே உட்காரவைத்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருவரையும் பேசவிட்டார். முடித்ததும், "இப்ப அவன் சொன்னத நீ சொல்லு, நீ சொன்னத அவன் சொல்லட்டும்" என்றார். பெரிய சித்தப்பா தம்பியின் நியாயத்தைத் தன் வாயால் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் வரப்பை விட்டுக்கொடுத்தார். அப்போது எனக்கு ஒன்பது வயசு. தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கண் முகாம் வேலை அவரிடம் வந்தது 1979-ல். அவர் பள்ளிக்கூடத்தில்தான் முகாம். சாவி வைத்திருக்கவும் பெஞ்சுகளை எடுத்துப்போடவும் அவரைச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம், ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை மதுரைக்கு ஏற்றிப்போக பஸ் நிற்கிறது. சீட்டுக் கிடைத்த ஒரு பெரியவர் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். ஐயா பிடித்து நிறுத்திக் கேட்டாராம். "கூட வர ஆள் இல்ல சாமி" என்றாராம் அவர். ஐயா சாவியை இன்னொரு வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு, போட்டிருந்த சட்டையோடு அந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். வீட்டுக்குத் தகவல் மறுநாள்தான் வந்தது. அப்பத்தா கடைசிவரை அந்த ராத்திரியைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார்.

"இலவசம்னு நோட்டீஸ் அடிச்சா ஜனம் வந்துரும்னு நெனைக்கிறாங்க. காசு பாதிதான் தாயி. கூட வர்றது யாரு? மீதிப் பாதி அதுதான்." இதை ஐயா எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. நானும் பிறகு பல முகாம்களில் நின்று பார்த்தபோது அது அப்படியே உண்மையாக இருந்தது. நோட்டீஸ், மைக் கட்டின ஆட்டோ, பந்தல், டீ எல்லாவற்றுக்கும் ஊரில் ஆள் கிடைக்கும். ஒரு கிழவியின் மாற்றுச் சேலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது.

அவருடைய நோட்டில் மூன்று பத்திகள் இருக்கும். முதல் பத்தியில் ஆள். பெயர் எழுதமாட்டார், வீட்டைத்தான் எழுதுவார்: மச்சு வீட்டு அம்மா, கிணத்தடி ராமாயி மாமியார், செக்கடித் தாத்தா. இரண்டாவது பத்தியில் வலது அல்லது இடது. மூன்றாவது பத்தியில் ஏன் இன்னும் வரவில்லை என்பதற்குக் காரணம். "ஆடு மேய்க்க ஆள் இல்லை." "மகள் பிரசவம்." "மகன் சம்மதம் இல்லை." "பயம்." ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. ஆட்டுக்கு எங்கள் சித்தப்பா பையன்களை அனுப்புவார். மகன் சம்மதம் இல்லையென்றால் அந்த மகன் டீ குடிக்கிற கடையில் போய் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பயம் என்று எழுதியிருந்தால் மட்டும் அவசரப்படமாட்டார். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாலைந்து தடவை அந்த வீட்டுக்குப் போவார். சும்மா பேசிவிட்டு வருவார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் அண்ணா நகரில் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தது. டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோனவர். அந்த விரல்களோடு ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவைகள் செய்தவர். ஐயா அவரைத் தூரத்திலிருந்து சில தடவை பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் 1992-ல் தானும் 58 வயதில் ஓய்வு பெற்று, கழுத்தில் மாலையோடு பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, "அம்பத்தெட்டுலதான் அவரே ஆரம்பிச்சாரு" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பென்ஷன் வாங்கினவர் திண்ணையில் சாய்ந்து பேப்பர் படிப்பார் என்று நினைத்த அப்பத்தா, முன்னைவிட அதிகமாகத் தனியாக இருந்தார்.

அந்த முதல் பதினைந்து வருஷம் எவ்வளவு கஷ்டம் என்று இப்போது முகாமுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குப் புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். பிளஸ் பத்து, பிளஸ் பன்னிரண்டு பவர். அதைப் போட்டால் எதிரே வருகிற ஆள் பெரிதாகத் தெரிவார், படிக்கட்டு பக்கத்தில் வந்ததுபோல இருக்கும், ஓரத்தில் வருகிற மாடு தெரியாது. அந்தக் கண்ணாடி உடைந்தாலோ வரப்பில் விழுந்து தொலைந்தாலோ மறுபடி குருடுதான். ஐயா அலமாரி மேலே ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். இறந்துபோனவர்களின் கண்ணாடிகள் அதில் இருக்கும். கேத வீட்டுக்குப் போய், பதினாறு முடிந்த பிறகு பக்குவமாகக் கேட்டு வாங்கிவருவார். கண்ணாடி உடைந்தவர்கள் எங்கள் திண்ணைக்கு வருவார்கள். டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக மாட்டி, "வேப்ப மரம் தெரியுதா? எல தெரியுதா?" என்று கேட்பார். இலை தெரிகிறது என்று சொன்னால் அந்தக் கண்ணாடி அவர்களுக்கு. காது வளையம் தளர்ந்திருந்தால் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை.

1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை உள்ளூரில் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸ் நம் ஜனங்களுக்கு எட்டாத விலை. ஐயாவின் நோட்டுகளை வரிசையாக அடுக்கிப் புரட்டினால் அந்த மாற்றம் தெரியும். "கண்ணாடி", "கண்ணாடி" என்று பக்கம் பக்கமாக வந்துகொண்டிருக்கும். பிறகு நடுவே ஒரு "லென்ஸ்". பிறகு எல்லாமே லென்ஸ். டப்பாவைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆனாலும் அவர் அந்த டப்பாவைத் தூக்கிப்போடவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்குச் சொட்டு மருந்து விடுவதை ஐயாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் துடைக்காமல் காற்றில் ஆறவிடுவார். "மோட்டுவளையப் பாருங்க" என்பார். அவர்கள் அண்ணாந்ததும் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுப்பார். ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு வீண் என்பார். மருந்துக் குப்பியின் மூக்கு இமையில் படவே கூடாது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்தில் விரலை வைத்து லேசாக அழுத்திக்கொண்டு மனசுக்குள் எண்ணுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. தலைக்குக் குளிக்காதே, குனிந்து தூக்காதே, விறகடுப்பில் ஊதாதே என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு. ஒரு முகாம் முடிந்தால் ஏழு வீடு, எட்டு வீடு என்று காலையும் மாலையும் நடப்பார். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது.

பொன்னாடைகள் நிறைய வந்தன. ஒவ்வொரு முகாமிலும் யாராவது போர்த்துவார்கள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விடிகாலை பஸ்ஸில் ஜன்னலோரம் நடுங்குகிற கிழவிகளுக்குப் போர்த்திவிட்டு வருவார். வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்போது அப்பத்தாவின் கண்ணைப் பற்றி எழுத வேண்டும். இதை எழுதாமல் ஐயாவைப் பற்றி எழுதினால் அது முழுசாகாது. அவரே இதை எழுதச் சொல்லியிருப்பார்.

ஊரெல்லாம் கோலம் பார்த்தவர், தன் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கோலத்தை அம்மா போட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "இடுப்பு வலிக்குது, நீ போடு" என்று அப்பத்தா சொன்னதை எல்லோரும் நம்பினோம். அடுப்படியில் உப்பு ஜாடி, புளிப் பானை, கரண்டி எல்லாம் நாற்பது வருஷமாக அதே இடத்தில் இருந்தன. அவருக்குக் கண்ணே தேவைப்படவில்லை. 2003 தைப் பொங்கலுக்கு, சித்தி அடுப்படியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஜாடிகளை இடம் மாற்றி வைத்துவிட்டார். அன்று சர்க்கரைப் பொங்கலில் உப்பு இருந்தது. எல்லோரும் வாயில் வைத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார்கள். ஐயா மட்டும் அப்பத்தாவைப் பார்த்தார்.

எழுந்து போனார். அடுப்படி வாசலில் நின்று, பேசாமல், விரல்களை விரித்து அவர் முகத்துக்கு முன் காட்டினார். அப்பத்தா அவர் நிற்கிற திசையைப் பார்த்து, "என்ன, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்றார்.

அந்தப் பெரிய மனுஷர் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். அப்பத்தா சொன்ன பதிலை நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. "நீங்க ஊருக்குத்தானே பாக்குறீங்க. நானும் ஊருல ஒருத்திதானே, எம் முறை வரட்டும்னு இருந்தேன்." கோபத்தில் சொல்லவில்லை. மெதுவாக, கையில் கரண்டியோடு சொன்னார். ஐயா அன்றைக்கு நோட்டை எடுத்தார். எங்கள் வீடு அந்த நோட்டில் வந்தது அந்த ஒரு தடவைதான். "என் வீடு. இரண்டும்." மூன்றாவது பத்தியில் காரணம் எழுதுகிற இடத்தில் "நான்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது.

தனியாகக் காசு கட்டிப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். அப்பத்தா சம்மதிக்கவில்லை. முகாம் பஸ்ஸில், மற்ற பெண்களோடு, தானும் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு போனார். ஐயா பக்கத்துச் சீட்டில். கல்யாணம் ஆன பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து மூன்று நாள் வெளியூரில் இருந்தது அதுதான் முதல் தடவை. கட்டுப் பிரித்து வந்ததும் அப்பத்தா முதலில் பார்த்தது ஐயாவின் சட்டைக் காலரை. "இம்புட்டு அழுக்கா இருக்கு, யாரு தொவைக்கிறா?" என்றாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் ஐயாவுக்குக் குரல் உடைந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை வீட்டுக்குப் போனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கதிர் அறுக்கும்போதும் கட்டடிக்கும்போதும் நெல் தாளோ உமியோ கண்ணைக் கீறிவிடும். வெறும் கீறல்தானே என்று தாய்ப்பால் விடுவார்கள், பச்சிலைச் சாறு பிழிவார்கள். மண்ணிலும் பயிரிலும் இருக்கிற பூஞ்சைக் காளான் அந்தக் கீறல் வழியே உள்ளே போய், கருவிழி புண்ணாகி வெளுத்துவிடும். பூ விழுந்துவிட்டது என்பார்கள். புரையென்றால் எடுத்துவிடலாம். பூ ஆழமாக விழுந்த கண்ணுக்கு இன்னொருவர் கருவிழிதான் வேண்டும். அறுவடைக் காலத்தில் ஐயா வயல் வயலாகப் போய், "கண்ணுல பட்டா பச்சத் தண்ணில கழுவு, அன்னைக்கே டாக்டரப் பாரு, சாறு மட்டும் விடாத" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவரிடம் படித்த ஒரு பையன், பதினேழு வயசு, அப்படித்தான் ஒரு கண்ணை இழந்தான். அதன் பிறகுதான் ஐயா கண்தானம் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. நாட்டின் முதல் கண் வங்கி 1945-ல் அங்கேதான் வந்தது. அத்தனை வருஷமாகியும் எங்கள் ஊரில் பேச்சை எடுத்தால், அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று எழுந்து போய்விடுவார்கள். கண்ணப்ப நாயனாரை உதாரணம் சொல்லுங்கள் என்று கோயில் பூசாரி யோசனை சொன்னார். ஐயா வேண்டாம் என்றுவிட்டார். "கண்ணப்பன் உசிரோட குடுத்தான். நாம செத்தபெறகு குடுக்கிறோம். அவன் பேர நாம எடுக்கக் கூடாது." சாவு வீட்டில் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், கருவிழியை மட்டும்தான் பொருத்துவார்கள், சர்க்கரை இருந்தாலும் புரை ஆபரேஷன் ஆகியிருந்தாலும் கொடுக்கலாம், முகம் விகாரமாகாது என்று விஷயத்தை மட்டும் சொல்வார். சம்மதித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வற்புறுத்தியதே இல்லை.

2014 மே மாதம், கத்திரி வெயில் நேரம், விடிகாலை மூன்று மணிக்கு ஐயா போய்விட்டார். எண்பது வயசு. முந்தின நாள் சாயங்காலம்கூட இரண்டு வீட்டுக்குப் போய்வந்தார். அழுகை தொடங்கின நேரத்தில் அப்பத்தாதான் முதலில் பேசினார். "ஃபேன நிறுத்துங்க." யாருக்கும் புரியவில்லை. புழுங்கிச் சாகிற ராத்திரி. தெருவே வீட்டுக்குள் நிற்கிறது. "காத்துப் பட்டா கருவிழி காஞ்சிரும். நிறுத்துங்கன்னு சொல்றேன்ல." நான் நிறுத்தினேன். இமைகளை மூடி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வைத்தேன். தலைக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினேன். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. பஞ்சு காய்ந்துவிடாமல் மறுபடி மறுபடி நனைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு அவர் கன்னத்தில் வழிந்தபோது துடைத்துவிட்டேன். அந்த ராத்திரியில் எனக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது.

ஐந்தரை மணிக்கு மதுரையிலிருந்து வந்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார், இரண்டு சாட்சி. இருபது நிமிஷம். கதவு திறந்தபோது ஐயா எப்போதும்போலத் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை.

கேதம் கேட்க வந்தவர்களை என்றைக்கும் மறக்கமாட்டேன். எங்களுக்கு யாரையும் தெரியாது. வந்தவர்களும் பெயர் சொல்லவில்லை. அப்பத்தா முன்னால் உட்கார்ந்து, "எண்பத்தெட்டு. வலது கண்ணு" என்றார் ஒருவர். "ரெண்டாயிரத்து ஏழு. ரெண்டும்" என்றார் ஒரு அம்மா. அவரவர் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் அறிமுகம் செய்துகொண்டார்கள். ஒருவர் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்தார். நூல் சுற்றின காது வளையம். அந்த நூல் நான் சுற்றினது.

பதினாறு முடிந்த மறுநாள் நோட்டைப் பிரித்தோம். கடைசிப் பக்கத்தில் டிக் போடாத வீடுகள் ஆறு. ஐந்து பேருக்கு ஒரு மாதப் பரிசோதனை பாக்கி. அப்பா டிவிஎஸ் ஃபிப்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் முடித்தோம். ஆறாவது, "கொடிக்கால் வீட்டு ஆத்தா. வலது. பயம்."

வயலுக்கு நடுவே ஒற்றை வீடு. திண்ணையில் இருந்தார். வாத்தியார் பேத்தி என்றதும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "கேதத்துக்கு வர முடியல தாயி. வழி தெரியலையே எனக்கு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூட வர்றேன்னு சொல்லியிருந்தாரு" என்றார்.

"நான் வர்றேன் ஆத்தா" என்றேன்.

அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. நாலாவது தடவை போனபோது சரி என்றார். திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸுக்கு நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, துவைத்த சேலையும் ஒயர் கூடையுமாக யாரோ ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் நான் அவரை ஜன்னல் பக்கம் நகர்த்தப் பார்த்தேன். தடுத்துவிட்டார்.

"போறப்ப ஜன்னல் சீட்டுல நீ உக்காரு தாயி. வர்றப்ப எனக்கு வேணும்."